மாத்திரை அட்டையில் ஒரு கறுப்புச் சதுரம்

வீட்டில் டோலோ 650 அட்டை இருந்தால் எடுத்துத் திருப்பிப் பாருங்கள். பொடி எழுத்துகளுக்கு நடுவே ஒரு சிறிய கறுப்புச் சதுரம் அச்சாகியிருக்கும். காய்ச்சலுக்கு வாங்கும் கால்பால், ஒவ்வாமைக்கு அலெக்ரா, கால்சியத்துக்கு ஷெல்கால், மாதவிடாய் வலிக்கு மெஃப்டால் ஸ்பாஸ் என்று நாட்டில் நன்றாக விற்கும் 300 மருந்துகளுக்கு இந்த க்யூஆர் சதுரம் 2023 ஆகஸ்ட் 1 முதல் கட்டாயம். மத்திய சுகாதார அமைச்சகம் 2022 நவம்பரில் மருந்து விதிகளைத் திருத்தி எச்2 என்ற புதிய அட்டவணையைச் சேர்த்தது. அதில் இடம்பெற்ற பெயர்கள் இவை. மாத்திரை இருக்கும் அட்டையிலேயே அச்சிட வேண்டும், இடம் போதாவிட்டால் வெளிப்பெட்டியில் அச்சிடலாம் என்கிறது விதி.

கைபேசியை அதன் முன் பிடித்தால் எட்டுத் தகவல்கள் கிடைக்க வேண்டும்: பொருளுக்கான அடையாளக் குறி, மருந்தின் பொதுப்பெயர், வணிகப்பெயர், தயாரித்தவரின் பெயரும் முகவரியும், பேட்ச் எண், தயாரித்த தேதி, காலாவதித் தேதி, உரிம எண். இந்த எட்டில் ஏழு அதே அட்டையில் எழுத்தாகவே இருக்கின்றன. எறும்பு ஊர்ந்ததுபோல் அச்சாகும் காலாவதித் தேதியைப் படிக்க முடியாத முதியவர்களுக்கு இந்தச் சதுரம் உதவும். அதை மறுக்க வேண்டியதில்லை. ஆனால் அரசு சொன்ன நோக்கம் மருந்து அசல்தானா என்று வாங்குபவர் சரிபார்ப்பது, போலியைத் தடுப்பது. அந்த வேலையை இது செய்கிறதா என்பதுதான் கேள்வி.

க்யூஆர் குறியீடு 1994-இல் ஜப்பானின் டென்சோ வேவ் நிறுவனத்தில் மசாஹிரோ ஹாரா குழுவினர் உருவாக்கியது. கார் உதிரிபாகங்களைக் கணக்கு வைக்க அவர்களுக்கு ஒரு குறியீடு தேவைப்பட்டது. எந்தக் கோணத்திலிருந்து பார்த்தாலும் கருவி சட்டென்று அடையாளம் காண வேண்டும் என்பதற்காக மூன்று மூலைகளில் மூன்று சதுரங்களை வைத்தார்கள். எண்ணெய்ப் பிசுக்கு படிந்து ஒரு பகுதி அழிந்தாலும் மீதியிலிருந்து முழுச் செய்தியையும் மீட்கும் கணிதத்தைச் சேர்த்தார்கள். அதிகபட்ச அமைப்பில் ஏறத்தாழ 30 சதவீதம் வரை சேதத்தை அது தாங்கும். எல்லாமே எளிதாகப் படிக்கப்படுவதற்கான ஏற்பாடுகள். நகலெடுப்பதைத் தடுப்பது அதன் வேலையாக ஒருநாளும் இருந்ததில்லை. அசல் அட்டையின் சதுரத்தைப் படமெடுத்துப் பத்தாயிரம் போலி அட்டைகளில் அச்சடித்தால் பத்தாயிரமும் அதே எட்டுத் தகவல்களைத் தடுமாறாமல் ஒப்பிக்கும். ஒவ்வொரு அட்டைக்கும் வேறு வேறு வரிசை எண் வேண்டும் என்று விதியின் வாசகம் எங்கும் கேட்கவில்லை. ஒரே பேட்சின் ஆயிரக்கணக்கான அட்டைகள் ஒரே சதுரத்தைச் சுமந்து வந்தாலும் விதி மீறப்படவில்லை.

பெட்டியின் மேல் ஒட்டும் அடையாளத்தை நம்பி ஏமாந்த கதைகளில் மிக நன்றாக ஆராயப்பட்டது தென்கிழக்கு ஆசிய மலேரியா மாத்திரையின் கதை. ஆர்ட்டிசுனேட் என்ற உயிர்காக்கும் மருந்தைச் சீனாவின் குயிலின் நிறுவனம் தயாரித்தது. போலிகள் பெருகவே அட்டையில் ஹாலோகிராம் ஒட்டினார்கள். போலிக்காரர்களும் ஹாலோகிராம் ஒட்டினார்கள். பால் நியூட்டன் என்ற மருத்துவரும் பல நாட்டு விஞ்ஞானிகளும் இன்டர்போலும் சேர்ந்து நடத்திய புலனாய்வின் முடிவுகள் 2008-இல் வெளிவந்தன. வியட்நாம், கம்போடியா, லாவோஸ், மியான்மர், தாய்லாந்து எல்லை ஆகிய இடங்களில் திரட்டிய 391 மாதிரிகளில் 195 போலி. போலி ஹாலோகிராம்களில் மட்டும் 16 வகை. அசல் மாத்திரையில் ஏறத்தாழ 50 மில்லிகிராம் மருந்து இருக்க வேண்டிய இடத்தில் போலிகளில் ஒன்றுமே இல்லை, அல்லது அதிகம் போனால் 12 மில்லிகிராம்.

அந்தச் சிறு அளவு மருந்து ஒன்றுமில்லாததைவிடக் கெடுதல். சோதனையில் மருந்து இருப்பதாகக் காட்டித் தப்பிக்கும். உடலில் இருக்கும் மலேரியா ஒட்டுண்ணியைக் கொல்லாமல் அதற்கு மருந்தைப் பழக்கிவிடும். இந்தப் புலனாய்வில் குற்றவாளியின் இருப்பிடத்தைக் காட்டிக்கொடுத்தவை மாத்திரைக்குள் கலந்திருந்த மகரந்தத் துகள்களும் கனிமங்களும். எந்தச் செடி எங்கே வளரும், எந்தச் சுண்ணாம்பு எங்கே கிடைக்கும் என்று அறிந்தவர்கள், மருந்து தென்கிழக்குச் சீனப் பகுதியில் தயாராகியிருக்க வேண்டும் என்றார்கள். சீன அரசு விரைந்து நடவடிக்கை எடுத்தது. அட்டையின் மேல் இருந்த ஹாலோகிராம் மக்களை ஏமாற்றியது. உள்ளே இருந்த பூந்தூள் ஏமாற்றவில்லை.

அப்படியானால் அச்சுக் குறியீட்டால் போலியைப் பிடிக்கவே முடியாதா? முடியும், மூன்று விஷயங்கள் சேர்ந்தால். ஒவ்வொரு பெட்டிக்கும் தனி எண் வேண்டும். அந்த எண்கள் ஒரு பொதுப் பதிவேட்டில் இருக்க வேண்டும். விற்கும் நொடியில் யாராவது அந்த எண்ணைப் பதிவேட்டில் ரத்து செய்ய வேண்டும். மூன்றாவதுதான் உயிர்நாடி. போலிக்காரர் ஒரு அசல் எண்ணைத் திருடி ஆயிரம் பெட்டிகளில் அச்சடித்தாலும் முதலில் விற்கும் ஒன்றுதான் தேறும். மற்ற 999 பெட்டிகளும், ஏன், அசல் பெட்டியும்கூட, கல்லாவில் மாட்டிக்கொள்ளும். அசலும் மாட்டுவது தொல்லைதான். ஆனால் ஒரே எண் இரண்டு ஊர்களில் தோன்றியதும் எங்கோ தவறு நடக்கிறது என்று பதிவேடு அறிந்துகொள்கிறது. போலிக்காரரின் லாபம் ஒன்றைப் பலவாக்குவதில் இருக்கிறது. அந்த வழி அடைபடுகிறது.

இதை நாடு முழுக்க முதலில் செய்துகாட்டியது துருக்கி, 2010-இல். அங்கே தூண்டுகோல் போலி மருந்தைவிடப் போலிக் கணக்கு. மருந்துப் பெட்டியில் இருந்த துண்டுச் சீட்டை வெட்டி ஒட்டி அனுப்பினால் அரசுக் காப்பீடு பணம் தந்துவந்தது. மருந்தை விற்காமலேயே சீட்டை மட்டும் அனுப்பிப் பணம் வாங்குவது நடந்தது. பெட்டிக்கு ஒரு எண், எண்ணுக்கு ஒரு தடவைதான் பணம் என்றதும் அந்த வழி அடைபட்டது. கல்லாவில் ஸ்கேன் செய்யாவிட்டால் கடைக்காரருக்குப் பணம் வராது. அதனால் ஸ்கேன் செய்தார்கள். யாரும் பிரசாரம் செய்து பழக்கவில்லை.

ஐரோப்பிய ஒன்றியம் 2011-இல் போலி மருந்துத் தடுப்புச் சட்டம் இயற்றி, 2019 பிப்ரவரி 9 முதல் நடைமுறைப்படுத்தியது. அங்கே பெட்டியில் இருப்பது டேட்டா மேட்ரிக்ஸ் என்ற வேறு வகைச் சதுரம்; இரண்டு ஓரங்களில் எல் வடிவக் கோடு இருக்கும், மிகச் சிறிய இடத்தில் அடங்கும். அதற்குள் பொருள் குறி, பேட்ச் எண், காலாவதித் தேதி, அவற்றோடு 20 எழுத்துகளுக்கு மிகாத தனி எண். அந்த எண் 1, 2, 3 என்று வரிசையாக ஓடக் கூடாது. ஒருவர் குருட்டாம்போக்கில் ஊகித்துச் சரியாக வருவதற்கான வாய்ப்பு பத்தாயிரத்தில் ஒன்றுக்கும் குறைவாக இருக்க வேண்டும் என்று விதியிலேயே எழுதியிருக்கிறார்கள். பெட்டியைத் திறந்தால் தெரிந்துவிடும் முத்திரையும் கட்டாயம். மருந்தாளுநர் நோயாளியிடம் கொடுக்கும்போது எண்ணை ரத்து செய்கிறார். தொடக்க காலத்தில் பொய் எச்சரிக்கைகள் குவிந்து மருந்தாளுநர்களைப் படாதபாடு படுத்தின. ஆலையிலிருந்து எண்கள் பதிவேட்டுக்கு ஏறுவதற்குள் பெட்டி கடைக்கு வந்துவிடும், அல்லது ஸ்கேனரின் விசைப்பலகை மொழி மாறிப்போய்ப் பெரிய எழுத்து சிறிய எழுத்தாகப் பதிவாகும். பெரும்பாலானவை இந்த மாதிரி அற்பக் கோளாறுகள்தாம்.

அமெரிக்கா 2013 நவம்பரில் இதே நோக்கில் சட்டம் இயற்றிப் பத்தாண்டு அவகாசம் கொடுத்தது. அவகாசம் முடிந்த பிறகும் தவணை மேல் தவணை தந்துகொண்டிருந்தது. பணமும் தொழில்நுட்பமும் குவிந்து கிடக்கும் நாட்டின் நிலை இது.

இந்த ஐரோப்பிய முறையை அப்படியே கொண்டுவந்து நம் ஊர் மெடிக்கல் ஷாப்பில் வைத்துப் பாருங்கள். ஒருவர் வந்து "காய்ச்சல் மாத்திரை நாலு குடுங்கண்ணா" என்கிறார். கடைக்காரர் பதினைந்து மாத்திரை அட்டையை எடுக்கிறார், கத்தரியால் நான்கை வெட்டுகிறார், காகித உறையில் போட்டுக் காலை மாலை என்று பேனாவால் கோடு கிழிக்கிறார், மீதியைப் பழைய இடத்தில் செருகுகிறார். பேட்ச் எண்ணும் காலாவதித் தேதியும் பெரும்பாலும் அட்டையின் ஒரு ஓரத்தில்தான் அச்சாகியிருக்கும். விவரம் தெரிந்த கடைக்காரர் அந்த ஓரத்தைக் கடைசி வரை வெட்டாமல் வைத்திருப்பார். அவருக்கு அது தேவை, காலாவதியானால் மொத்த விற்பனையாளரான ஸ்டாக்கிஸ்டிடம் திருப்பித் தர வேண்டும். ஆக, முதலில் வாங்கும் மூவருக்கு மாத்திரை போகிறது, அடையாளம் கடையிலேயே தங்கிவிடுகிறது. கறுப்புச் சதுரம் எந்தத் துண்டோடு போகும் என்பது கத்தரியின் விருப்பம்.

இது கடைக்காரரின் குற்றம் இல்லை. தினக்கூலிக்குப் போகும் ஒருவர் பதினைந்து மாத்திரைக்குப் பணம் கட்டிவிட்டு நான்கைத் தின்ன வேண்டிய அவசியமில்லை. ஐரோப்பாவில் பெட்டி முழுதாக நோயாளியின் கைக்குப் போகிறது. எண்ணை ஒரே தடவை ரத்து செய்தால் கதை முடிந்தது. நான்காக, ஆறாக, ஐந்தாக விற்கும் அட்டையை எந்தத் துண்டு விற்கும்போது ரத்து செய்வது? முதல் துண்டிலேயே ரத்து செய்தால் மீதமுள்ள பதினொரு மாத்திரையும் பதிவேட்டின் கண்ணில் விற்றுப்போனவை. அவற்றின் இடத்தில் போலியை வைத்தாலும் கேட்க ஆளில்லை. கடைசித் துண்டு வரை காத்திருந்தால் பெரும்பகுதி மருந்து சரிபார்க்கப்படாமலேயே வயிற்றுக்குள் போயிருக்கும். ஒவ்வொரு மாத்திரைக் குழியின் பின்னாலும் பேட்ச் எண்ணும் தேதியும் அச்சிடுவது ஒரு வழி. சில தயாரிப்பாளர்கள் மருந்துப் பெயரையாவது அப்படி அச்சிடுகிறார்கள். செலவு கூடும், அச்சு வேகம் குறையும். இந்தியாவில் மருந்து எப்படி விற்கப்படுகிறது என்று தெரிந்தவர்கள் விதியை எழுதியிருந்தால் இங்கிருந்துதான் தொடங்கியிருப்பார்கள்.

இன்னொரு வினோதம் உண்டு. நம் நாட்டிலிருந்து ஏற்றுமதியாகும் மருந்துகளின் வெளிப்பெட்டிகளுக்கு 2011-லேயே பார்கோடு கட்டாயமாயிற்று. ஐரோப்பாவுக்கும் அமெரிக்காவுக்கும் போகும் பெட்டிகளில் தனி எண் அச்சிடும் இயந்திரங்களும், அச்சு சரியா என்று ஒவ்வொன்றையும் பார்க்கும் கேமராக்களும் நம் ஆலைகளிலேயே ஓடுகின்றன. எந்தப் பெட்டி எந்த அட்டைப்பெட்டிக்குள் போயிற்று, அந்த அட்டைப்பெட்டி எந்தப் பாரத்தில் ஏறிற்று என்று தாய் சேய் உறவுபோல் கணினியில் கோத்துவைக்கிறார்கள். வெளியே ஒரு லேபிளை ஸ்கேன் செய்தால் உள்ளிருக்கும் அத்தனை எண்களும் வந்துவிடும். இந்த வித்தை தெரியாமல் நாம் தவிக்கவில்லை. உள்ளூர்க்காரருக்கு வேண்டாம் என்று விட்டிருக்கிறோம்.

விலை உயர்ந்த உத்திகளைப் பற்றி நிறுவனங்கள் நிறையப் பேசும். ரேடியோ அலையில் பேசும் ஆர்எஃப்ஐடி சில்லுகளை மூடிய பெட்டிக்கு வெளியிலிருந்தே நூற்றுக்கணக்கில் படிக்கலாம். ஆனால் அலுமினியத் தகடு அந்த அலையைத் திருப்பி அடிக்கும், திரவம் உறிஞ்சிக்கொள்ளும், மருந்தோ பெரும்பாலும் இந்த இரண்டுக்குள்தான் இருக்கிறது. கைபேசியால் தொட்டால் பதில் சொல்லும் என்எஃப்சி சில்லுகளில் சில, ஒவ்வொரு தொடுகைக்கும் புதிய மறைகுறி ஒன்றை உருவாக்கி அனுப்பும். படமெடுத்து நகலெடுக்க வழியில்லை. ஒயினுக்கும் கைப்பைக்கும் நல்லது. முப்பது ரூபாய்ச் சொச்சம் விற்கும் காய்ச்சல் மாத்திரை அட்டையில் சில ரூபாய்ச் சில்லை யார் ஒட்டுவார்கள்? இவற்றுக்கு நடுவே மலிவான ஒரு யோசனை இருக்கிறது: புள்ளிகளைக் கண்டபடி தூவியதுபோல் மிக நுண்ணிய ஒரு வடிவத்தைக் குறியீட்டுக்குப் பக்கத்தில் அச்சிடுவது. ஸ்கேன் செய்து மறுபடி அச்சிடும்போதெல்லாம் அச்சு கொஞ்சம் மங்கும். அந்த மங்கலைக் கைபேசிக் கேமரா கண்டுபிடிக்கும். கூடுதல் செலவு மிகக் குறைவு. ஆனால் இதற்கும் யாராவது கைபேசியை எடுத்துப் பார்க்க வேண்டும்.

அந்த யாராவது நோயாளியாக இருக்கலாமா? ஆப்பிரிக்காவில் இருக்கலாம் என்று நினைத்தார்கள். கானாவின் பிரைட் சைமன்ஸ் தொடங்கிய எம்பெடிகிரி நிறுவனம், ரீசார்ஜ் கூப்பனில் சுரண்டுவதுபோல் மருந்துப் பெட்டியில் ஒரு வெள்ளிப் பட்டையைச் சுரண்டி, உள்ளே இருக்கும் எண்ணைக் குறுஞ்செய்தியாக அனுப்பினால் அசலா போலியா என்று பதில் வரும் ஏற்பாட்டைச் செய்தது. நைஜீரியாவின் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2010-இல் இதே முறையைக் கையில் எடுத்தது. சாதாரணக் கைபேசி போதும், இணையம் வேண்டாம், செய்திக்குக் காசில்லை. எண் ஒவ்வொரு பெட்டிக்கும் தனி, சுரண்டாமல் தெரியாது, ஒரு தடவை கேட்டதும் தீர்ந்துவிடும். நம் எச்2 சதுரத்தோடு ஒப்பிட்டால் தொழில்நுட்பத்தில் பழையது, யோசனையில் பல படி மேலானது.

இருந்தாலும் பொறுப்பை நோயாளியின் தலையில் கட்டுவது எனக்குச் சரியாகப் படவில்லை. குழந்தைக்கு 103 டிகிரி காய்ச்சல் அடிக்கும்போது எந்தத் தாயும் சுரண்டிப் பார்த்துவிட்டுப் பதில் செய்திக்குக் காத்திருக்கமாட்டாள். பதில் "போலி" என்று வந்தால் இரவு பதினொரு மணிக்கு அவள் எங்கே போவாள்? சோதிக்கும் கடமை பணமும் உரிமமும் பெற்று விற்பவருடையது.

பயன்படுத்துபவரின் கையில் உண்மையிலேயே பேசும் உறை ஒன்று உண்டு. அதில் எண் இல்லை, மின்சாரம் இல்லை, கைபேசியும் வேண்டாம். போலியோ சொட்டு மருந்துக் குப்பியைப் பார்த்தவர்களுக்கு நினைவிருக்கும்: லேபிளில் ஒரு ஊதா வட்டம், அதன் நடுவில் வெளிறிய சதுரம். செவிலியர்கள் வி.வி.எம். என்பார்கள். சதுரம் வட்டத்தைவிட வெளிறி இருந்தால் மருந்தைப் போடலாம். வட்டத்தின் நிறத்தை எட்டிவிட்டால், அல்லது அதைவிடக் கறுத்துவிட்டால், குப்பியைத் தூக்கிப் போட வேண்டும். அவ்வளவுதான் விதி. படிப்பறிவு வேண்டாம், வெப்பமானி வேண்டாம்.

அந்தச் சதுரத்தில் தடவியிருப்பது டையசெட்டிலீன் வகைச் சேர்மம். நிறமற்ற படிகங்களாக இருக்கும் அதன் மூலக்கூறுகள் வெப்பம் பட்டதும், உருகாமல் திடநிலையிலேயே, ஒன்றோடொன்று கைகோத்துச் சங்கிலியாகின்றன. சங்கிலி நீள நீள ஒளியை உறிஞ்சிக் கருமை கூடுகிறது. திரும்பவும் வெளுக்காது. பனிப்பெட்டியில் வைத்தால் மிக மெதுவாகவும் சித்திரை வெயிலில் வேகமாகவும் கறுக்கும். தடுப்பு மருந்து கெடும் வேகத்துக்கு ஏற்ப இந்த வினையின் வேகத்தை அமைத்திருக்கிறார்கள். அதனால்தான் ஒவ்வொரு மருந்துக்கும் வேறு வகை. போலியோ சொட்டுக்கு உள்ளது 37 டிகிரியில் இரண்டே நாளில் கறுக்கும் வகை. நின்று தாங்கும் மருந்துகளுக்கு 14 நாள், 30 நாள் வகைகள். இன்றைய வெப்பம் என்ன என்பதை இது சொல்வதில்லை. ஆலையை விட்டுக் கிளம்பிய நாளிலிருந்து அந்த ஒரு குப்பி மொத்தமாக எவ்வளவு சூடு பட்டது என்பதைச் சொல்கிறது.

பாத் என்ற தொண்டு அமைப்பும் நியூ ஜெர்சியின் டெம்ப்டைம் நிறுவனமும் உலகச் சுகாதார நிறுவனத்தோடு சேர்ந்து இதை உருவாக்க நீண்ட காலம் பிடித்தது. 1996-இல் போலியோ சொட்டு மருந்தில் முதலில் ஏறியது. அதன் பிறகு பல நூறு கோடிக் குப்பிகளில் ஒட்டப்பட்டிருக்கிறது. கரண்ட் இல்லாத ஊருக்கும் படகில் போகும் தீவுக்கும் மருந்தை எடுத்துப் போகும் தைரியத்தைக் கொடுத்தது இந்தச் சதுரம். சந்தேகத்தின் பேரில் நல்ல மருந்தைக் கொட்டுவதும் குறைந்தது. இந்தியாவில் இயற்கையாகப் பரவும் வைரஸால் வந்த கடைசிப் போலியோ பாதிப்பு 2011 ஜனவரியில் மேற்கு வங்கத்தின் ஹௌராவில் பதிவானது. 2014 மார்ச்சில் நம் தென்கிழக்கு ஆசியப் பகுதி போலியோ அற்றதென அறிவிக்கப்பட்டது. அந்த வெற்றியில் இந்தச் சதுரத்துக்கும் பங்குண்டு என்று சொல்வது மிகையாகாது. புத்திசாலி உறை என்று எதையாவது அழைக்க வேண்டுமென்றால் முதல் உரிமை இதற்குத்தான்.

க்யூஆர் சதுரத்துக்கும் இதற்கும் உள்ள வேறுபாடு தொழில்நுட்பத்தில் மட்டும் இல்லை. ஊதா வட்டம் உள்ளே இருக்கும் மருந்தின் நிலையைச் சொல்கிறது. கறுப்புச் சதுரம் பெட்டியின் பிறப்பிடத்தைச் சொல்கிறது. நம் நாட்டில் எது பெரிய சிக்கல் என்று பார்த்தால்தான் இந்த வேறுபாட்டின் கனம் புரியும்.

மத்திய அரசுக்காக நொய்டாவின் தேசிய உயிரியப் பொருள் நிறுவனம் 2014 முதல் 2016 வரை நாடு தழுவிய மருந்துக் கணக்கெடுப்பு நடத்தியது. 47,000-க்கும் மேற்பட்ட மாதிரிகள் சோதிக்கப்பட்டன. சில்லறைக் கடைகளில் எடுத்தவற்றில் தரமற்றவை 3.16 சதவீதம், போலி 0.0245 சதவீதம். அரசுக் கிடங்குகளில் எடுத்த மாதிரிகளில் தரமற்றவற்றின் பங்கு ஏறத்தாழ 10 சதவீதத்தைத் தொட்டது. இந்த எண்களைப் பற்றி விவாதங்கள் உண்டு. போலி விற்பவர் கணக்கெடுப்புக்காரரிடம் நல்ல அட்டையைத்தான் நீட்டுவார் என்று சொல்வதில் நியாயமிருக்கிறது. அதைக் கழித்துவிட்டாலும் சித்திரம் மாறாது. கடையில் கிடைக்கும் கெட்ட மருந்தில் மிகப் பெரும்பகுதி உரிமம் பெற்ற ஆலையிலிருந்து, உண்மையான பெட்டியில், உண்மையான பேட்ச் எண்ணோடு வருகிறது. நாம் காவல் போட்டிருப்பது 0.0245-க்கு. அதுவும் அரைகுறைக் காவல்.

உண்மையான உறைக்குள் பொய்யை நிரப்பும் தொழிலும் வளர்ந்துவிட்டது. 2024 மார்ச்சில் டெல்லி காவல்துறை ஒரு கும்பலைப் பிடித்தது. மருத்துவமனைகளில் புற்றுநோயாளிகளுக்குச் செலுத்தியபின் மிஞ்சும் விலை உயர்ந்த மருந்தின் காலிக் குப்பிகளை ஆயிரக்கணக்கில் ரூபாய் கொடுத்து வாங்கி, பூஞ்சைத் தொற்றுக்கான மலிவு மருந்தை நிரப்பி, லட்சக்கணக்கில் விற்றார்கள். குப்பி அசல், லேபிள் அசல், எண் அசல். செலுத்தி முடித்ததும் எண்ணை ரத்து செய்து, குப்பியை உடைத்துப் போடும் கடமை மருத்துவமனைக்கு இருந்திருந்தால், அதை யாராவது கண்காணித்திருந்தால், இந்தத் தொழில் நடந்திருக்காது. ஐரோப்பாவிலும் 2014-இல் இத்தாலிய மருத்துவமனைகளில் திருடப்பட்ட ஹெர்செப்டின் என்ற புற்றுநோய் மருந்தின் குப்பிகள் கலப்படம் செய்யப்பட்டு வேறு நாடுகளின் சந்தைக்குள் நுழைந்தன. குப்பியில் இருந்த பேட்ச் எண்ணும் வெளிப்பெட்டியில் இருந்ததும் ஒத்துப்போகவில்லை என்பது அவற்றை அடையாளம் காட்டிய குறிகளில் ஒன்று.

2025-இல் கோல்ட்ரிஃப் இருமல் மருந்து நம் பக்கத்திலேயே தயாரானது. காஞ்சிபுரம் மாவட்டம் சுங்குவார்சத்திரத்தின் ஸ்ரீசன் பார்மாசூட்டிகல்ஸ் தயாரிப்பு, எஸ்ஆர்-13 பேட்ச். மத்தியப் பிரதேசத்தின் சிந்த்வாரா பகுதியில் 20-க்கும் மேற்பட்ட குழந்தைகள் சிறுநீரகம் செயலிழந்து இறந்தார்கள். தமிழ்நாடு மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை அக்டோபர் தொடக்கத்தில் வெளியிட்ட சோதனை முடிவில் அந்தப் பேட்சில் டைஎத்திலீன் கிளைக்கால் 48.6 சதவீதம். இது தொழிற்சாலைகளில் பயன்படும் நச்சுக் கரைப்பான், மருந்தில் இருக்கலாகாது. அமெரிக்காவில் 1937-இல் இதே நஞ்சு கலந்த சல்ஃபனிலமைடு மருந்து நூற்றுக்கும் மேற்பட்டோரைக் கொன்ற பிறகுதான் அந்த நாட்டின் மருந்துச் சட்டமே மாறியது. 2022-இல் காம்பியாவில் நம் நாட்டு இருமல் மருந்தோடு தொடர்புபடுத்தப்பட்டுக் குழந்தைகள் இறந்தபோதும் இதே பெயர்தான் அடிபட்டது. கோல்ட்ரிஃப் பாட்டிலின் மேல் உலகின் மிகச் சிறந்த குறியீட்டை ஒட்டியிருந்தாலும் ஸ்கேன் செய்தவருக்கு வந்திருக்கும் பதில்: அசல்.

அதனால் குறியீடே வீண் என்று நான் வாதாடவில்லை. கோல்ட்ரிஃப் விஷயத்திலேயே குறியீட்டுக்கு ஒரு வேலை இருந்தது, சரிபார்ப்பதற்கு அடுத்த கட்டத்தில். எஸ்ஆர்-13 பேட்ச் நஞ்சு என்று ஆய்வகம் சொன்ன நொடியில் எழ வேண்டிய கேள்வி: அந்தப் பாட்டில்கள் இப்போது எங்கே இருக்கின்றன? ஆலையிலிருந்து எந்த ஸ்டாக்கிஸ்ட், அவரிடமிருந்து எந்தக் கடை, எத்தனை விற்றது, எத்தனை அலமாரியில் இருக்கிறது? தனி எண்ணும் பதிவேடும் இருந்தால் இதற்குப் பதில் சில நிமிடங்களில் வரும். கல்லாவில் ஸ்கேன் செய்ததுமே விற்காதே என்று கணினி தடுக்கும். நடந்தது என்ன? ஒவ்வொரு மாநிலமாகத் தடை அறிவித்தது. மத்தியப் பிரதேசத்தில் வீடு வீடாக ஆட்களை அனுப்பிப் பாட்டில்களைத் திரும்ப வாங்க வேண்டியிருந்தது.

ஆக, தடம் காணும் தொழில்நுட்பத்துக்கு நம் நாட்டில் முதல் பயன் போலியைப் பிடிப்பதைவிடக் கெட்ட பேட்சைத் திரும்பப் பெறுவதில் இருக்கிறது என்பது என் முடிவு. இதற்குச் சில்லும் வேண்டாம், ஹாலோகிராமும் வேண்டாம். ஆலைக்கும் ஸ்டாக்கிஸ்டுக்கும் கடைக்கும் இடையே பேட்ச் எண் இப்போதே பில்லில் எழுதப்படுகிறது. அவரவர் கணினியில் அவரவர் மென்பொருளில் முடங்கிக் கிடக்கும் அந்த எண்களை அரசு ஒரே பதிவேட்டில் சேர்க்கச் சொன்னால் பாதி வேலை முடிந்தது. பிறகு அட்டைக்கு அட்டை தனி எண், ஒவ்வொரு குழியின் முதுகிலும் பேட்ச் எண்ணும் தேதியும், மருத்துவமனைக் குப்பிகளுக்குக் கட்டாய ரத்து என்று படிப்படியாகப் போகலாம். துருக்கி செய்ததுபோல் காப்பீட்டுப் பணத்தை ஸ்கேனோடு இணைத்தால் கடைக்காரரை யாரும் கெஞ்ச வேண்டியிராது. கூடவே, மருந்து ஆய்வாளர்களும் ஆய்வகங்களும் போதிய அளவில் இல்லையென்றால் எந்தப் பேட்ச் கெட்டது என்று சொல்லவே ஆளிருக்காது. திரும்பப் பெறுவது அதற்குப் பிறகுதான்.

அதுவரை வாசகர்கள் செய்யக்கூடியது கொஞ்சம் உண்டு. மாத்திரை நான்கே வாங்கினாலும் பில் கேளுங்கள். அதில் பேட்ச் எண்ணும் காலாவதித் தேதியும் இருக்கிறதா என்று பாருங்கள். அட்டையின் ஓரத்தைக் கைபேசியில் ஒரு படம் எடுத்துக்கொள்ள எந்தக் கடைக்காரரும் மறுக்கமாட்டார். ஊசி மருந்துக் குப்பியை மருத்துவமனையில் பயன்படுத்தியபின் உடைத்துப் போடச் சொல்லுங்கள். மருந்து சாப்பிட்டபின் விபரீதமாக ஏதேனும் நடந்தால் மருத்துவரிடம் காட்டுவதோடு, மருந்துப் பக்கவிளைவுகளைப் பதிவு செய்யும் தேசியத் திட்டத்தின் கட்டணமில்லா எண் 1800-180-3024-க்கும் சொல்லுங்கள். அவர்கள் கேட்கும் விவரங்களில் பேட்ச் எண்ணும் ஒன்று.